ஒரு ராட்சசன் எத்தனை ஆள்?

ஒரு ராட்சசனை எத்தனை ஆளுக்குச் சமமாக வைப்பது என்ற கேள்வியில் எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போயிற்று. எண்பதுகளின் நடுவில் அது. எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. செஞ்சி தாலுகா அலுவலகத்தில் நில அளவைப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கே கிளம்புகிறேன் என்று வீட்டில் கேட்டால் "மெத்தைக் கடைக்கு" என்பேன். அது உண்மைதான். "வாரா வாரம் போறாரு, ஒரு தலகாணி கூட வந்தபாடில்ல" என்பாள் மனைவி. அதுவும் உண்மைதான்.

மெத்தைக் கடை பஜார் தெருவில் இருந்தது. கடைக்காரரை நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். என் வயதுக்காரர். துபாயில் வேலை பார்த்த அவருடைய மச்சான், தன் பிள்ளைக்காக ஓர் அட்டைப்பெட்டி வாங்கி வந்திருந்தார். உள்ளே ஓர் ஆங்கிலப் புத்தகமும், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளும் இருந்தன. பிள்ளை கேட்டது பேட்டரி கார். பெட்டியைப் பார்த்து அழுதான். பாய் அதைத் தன் கடை மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உயர்நிலைப்பள்ளி வாத்தியார் ஒருவர் அகராதியோடு உட்கார்ந்து விதிகளைப் படித்துச் சொன்னார். ஒருவர் கதை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் போக வேண்டும். வழியில் பூதம், ராட்சசன், பேய் நரி என்று எது வந்தாலும் கதை நடத்துபவர் அதற்காக ஆடுவார். அடி விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொருவருக்கும் இத்தனை உயிர் என்று எண்ணிக்கை உண்டு. அது தீர்ந்தால் ஆள் காலி.

வரைபடம் போடத் தெரிந்தவன் என்பதால் கதை நடத்தும் வேலை எனக்கு வந்தது. பாய் ஒரு மந்திரவாதி. வாத்தியாரும், தொண்டூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு விவசாயியும் வாள்வீரர்கள். தொண்டூர்க்காரருக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு வரப்புத் தகராறு மனு இருந்தது. கிழமை நாளில் என்னை "சார்" என்பார். ஞாயிற்றுக்கிழமை மாடியேறிவிட்டால் "டேய் ராட்சசா" என்பார்.

சுற்றிலும் பஞ்சு மூட்டைகள். பகடை மெத்தையில் விழுந்தால் சாய்ந்து நிற்கும். அதனால் ஒரு பிஸ்கட் டின் மூடியில்தான் உருட்டுவோம். யாராவது தும்மினால் உருட்டல் செல்லாது என்று விதி வைத்திருந்தோம். அது புத்தகத்தில் இல்லாத விதி.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அந்தப் புத்தகம் புதிதாக ஆடுகிறவர்களுக்கானது. அதிலிருந்த ராட்சசர்களும் புதியவர்களுக்குத் தக்கவர்கள். எங்கள் வீரர்களோ ஒரு வருஷத்துக்குள் நன்றாகத் தேறிவிட்டார்கள். இனி எது சுலபம், எது கஷ்டம் என்பதை நாங்களேதான் கணக்குப் போட வேண்டும்.

"நூத்துக்கு இத்தினின்னு மார்க் போடுங்க. முப்பத்தஞ்சுக்குக் கீழ வாங்குற ராட்சசன் பெயில்" என்றார் வாத்தியார்.

"மாட்டுக்குப் பல்லப் பாத்து வயசு சொல்றதில்ல? அதே மாதிரி இவனுக்கும் பல்லப் பாத்துச் சொல்லிடலாம்" என்றார் தொண்டூர்க்காரர்.

"படத்துல வாய மூடிக்கினு இருக்கானே" என்றார் பாய்.

அளவுச் சங்கிலியோடு பழகியவனுக்கு ஓர் அலகு இல்லாமல் கை ஓடாது. கையில் தடியோடு நிற்கும் சாதாரண மனிதன் ஒருவனை ஓர் 'ஆள்' என்று வைத்தேன். அவனுடைய உயிரையும் அடியையும் கொண்டு மற்ற எல்லாவற்றையும் அளந்தேன். எங்கள் வீரர்கள் தலைக்கு இரண்டு ஆள், மொத்தம் ஆறு. ஆகவே ஆறு ஆளுக்குச் சமமான ஒரு ராட்சசனை நிறுத்தினேன். சரிக்குச் சரி.

இரண்டாவது சுற்றிலேயே ராட்சசன் செத்துவிட்டான். அதற்குள் அவன் ஒரே ஒரு தடவைதான் கையை ஓங்கினான். அந்த அடியும் தப்பிவிட்டது.

"இன்னாடா இது, ராட்சசனா, ரேஷன் கடை கியூவுல மயக்கம் போட்டு வுழுந்தவனா?" என்றார் தொண்டூர்க்காரர்.

அடுத்த வாரம் பன்னிரண்டு நரிகளை விட்டேன். நரி ஒன்றுக்குக் கால் ஆள். மொத்தம் மூன்று ஆள்தான். போகிற வழியில் ஒரு சின்னச் சண்டையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நரிகள் வாத்தியாரின் வீரனைக் கடித்தே கொன்றுவிட்டன. வாத்தியார் வெகுநேரம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயும் போயும் நரிகிட்டயா" என்றார். அதற்கடுத்த வாரம் செத்தவனின் தம்பி என்று சொல்லி ஒரு புது வீரனைக் கொண்டுவந்தார். அதே உயரம், அதே மீசை.

பிழை எங்கே என்று எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. நான் பலத்தைக் கூட்டியிருந்தேன். ஒரு சுற்றில் எத்தனை அடி விழும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. ராட்சசன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் அவன் ஓர் அடி அடிப்பதற்குள் இவர்கள் மூன்று அடி அடித்துவிடுவார்கள். நரியின் கடி சின்னதுதான், ஆனால் ஒரே சுற்றில் பன்னிரண்டு கடி.

கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் பாய்க்கு விசா வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய், பிறகு துபாய். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் ஆட்டத்திலிருந்து இதுவரை சாகாமல் இருந்தது பாயின் மந்திரவாதி ஒருவன்தான்.

பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சர்வேயரே, கடைசி ஆட்டம். ஊர வுட்டுப் போறவனாச்சேன்னு பாவம் பாத்து ஆடுனன்னு தெரிஞ்சிது, அங்க இருந்து ஒரு கடுதாசி கூட போட மாட்டேன். கஷ்டமா இருக்கணும். ஜெயிச்சா நான் ஜெயிச்சதா இருக்கணும். ஒரு வருஷமா ஒருத்தன உசுரோட காப்பாத்தி இருக்கேன், அவன் மானத்த வாங்கிடாத."

வாக்குக் கொடுத்தேன். வியாழக்கிழமை வாத்தியார் அலுவலகத்துக்கு வந்தார். "பாய் குடும்பத்த வுட்டுட்டுப் போறாரு. கொஞ்சம் பாத்துப் போடுங்க. அவரு ஆளு சாகக் கூடாது" என்றார். ராட்சசன் கிரேஸ் மார்க் போடுகிற வழக்கமில்லை என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் தொண்டூர்க்காரர் பிடித்துக்கொண்டார். "ராட்சசனுக்கு ஜொரம்னு வச்சிக்கலாமே சார். மழக் காலந்தானே?"

நான் எதையும் குறைக்கவில்லை. எங்கள் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சிக்கு ஏறும் வழியில், பிளந்து கிடக்கும் பாறைக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறதல்லவா, அங்கே அவனை நிறுத்தினேன். பாலத்தில் இரண்டு பேர்தான் சேர்ந்து நிற்க முடியும். மந்திரவாதி பின்னாலிருந்து நெருப்பு எறியலாம். ராட்சசனுக்குச் சுற்றுக்கு இரண்டு அடி கொடுத்தேன். சனிக்கிழமை வீட்டிலேயே இரண்டு பக்கமும் நானே ஆடிப் பார்த்தேன்.

"யாரு ஜெயிக்கிறா?" என்று மனைவி கேட்டாள்.

"மாத்தி மாத்தி."

"அப்ப எதுக்கு ஆடறது?"

மாற்றி மாற்றி வருவதுதான் வேண்டும் என்று சொன்னேன். அவள் கறிவேப்பிலை ஆயத் தொடங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆரம்பித்தது. நெருப்பு எறிந்தார் பாய். ராட்சசன் தள்ளாடினான். அடுத்தது வாத்தியாரின் முறை.

"நான் வெட்டல. கேடயத்தத் தூக்கிப் புடிச்சிக்கினு மந்திரவாதிய மறைச்சி நிக்கிறேன்."

"நானும்" என்றார் தொண்டூர்க்காரர்.

அடுத்த சுற்றிலும் அதுதான். அதற்கடுத்த சுற்றிலும் அதுதான். இரண்டு வாள்களும் உறையை விட்டு வெளியே வரவில்லை. பாயின் நெருப்பில் மட்டும் ராட்சசனின் உயிர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சண்டை போடுகிற மூன்று பேரை வைத்து நான் கணக்குப் போட்டிருந்தேன். இங்கே ஒருவர் சண்டை போட்டார், இரண்டு பேர் கதவாக நின்றார்கள்.

"யோவ், வெட்டுங்கய்யா" என்றார் பாய்.

"நீ பேசாம பின்னால நில்லு பாய்" என்றார் வாத்தியார். அந்தச் சுற்றிலேயே தம்பி வீரன் பள்ளத்தில் விழுந்தான். கொஞ்ச நேரத்தில் தொண்டூர்க்காரரின் வீரனும் போனான். பாயிடம் மந்திரம் தீர்ந்துவிட்டது. இருந்தது ஒரு குறுவாள். ராட்சசனுக்கு மிச்சம் இருந்த உயிர் மூன்று. இருபது முகப் பகடையில் பதினெட்டுக்குக் குறைந்தால் அடி தப்பிவிடும். ராட்சசனின் அடுத்த அடியை மந்திரவாதி தாங்க மாட்டான்.

பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு உருட்டினார். பத்தொன்பது. குறுவாள் மூன்று உயிரையும் எடுத்தது.

செத்த இரண்டு பேரும் எழுந்து குதித்தார்கள். பஞ்சு பறந்தது. பாய் மட்டும் அசையவில்லை.

"எத்தினி கொறச்ச?" என்றார் என்னிடம்.

"ஒண்ணுமே கொறைக்கல பாய்."

"ரெண்டு பேரும் ஒரு வெட்டு வெட்டல. நான் ஒருத்தன் நின்னு ஜெயிச்சிட்டேன். அப்ப அது இன்னா ராட்சசன்?"

அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு வாத்தியார் குறுக்கே வந்தார். "இல்ல பாய், ஈசியாப் போடுங்கன்னு நாந்தான் போய்ச் சொன்னேன். அவரு ஒத்துக்கவே இல்ல."

"ஜொரம் வரட்டும்னு நானும் சொன்னேன்" என்றார் தொண்டூர்க்காரர்.

பாய் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆளாளுக்குப் போய் சொல்லி வச்சிட்டு வந்து இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். நான் என் தாள்களைக் காட்டியிருக்கலாம். ஆனால் கணக்கு போட்டவனே கணக்கைச் சரி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வரப்புத் தகராறில் தினமும் பார்க்கிற விஷயம்தான் அது.

செவ்வாய்க்கிழமை காலையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதே பாலம், அதே ராட்சசன். மூணு வீரனையும் நீயே ஆடு. உன் இஷ்டத்துக்கு வெட்டு" என்று மூடியைத் தரையில் வைத்தேன்.

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். பிறகு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

முதல் ஆட்டத்தில் மூன்று வீரர்களும் செத்தார்கள். பாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இரண்டாவதில் வாள்வீரர்கள் இருவரும் நன்றாகவே வெட்டினார்கள். ஆனால் மந்திரவாதி பாலத்திலிருந்து விழுந்தான். மூன்றாவதில் ராட்சசன் செத்தான். ஆனால் அவன் அடித்த கடைசி அடி நேராக மந்திரவாதியின் தலையில் விழுந்தது.

பாய் மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "அடப்பாவி, நெசமாவே கஷ்டந்தான்" என்று சொல்லி, அடுக்கி வைத்த சட்டைகள் மேல் சாய்ந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவர் அம்மா குரல் கொடுத்தார்கள். "இன்னாடா கஷ்டம்? யாருக்கு இன்னா ஆச்சு?"

"நான் செத்துட்டேம்மா. மூணு தடவ."

"பயணம் போற அன்னிக்குப் பேசுற பேச்சாடா இது" என்று அவர்கள் கரண்டியோடு வெளியே வந்தார்கள். என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். "அரசாங்க உத்தியோகம் பாக்குறவரு, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"மூணு தடவையும் நாந்தாம்மா அடிச்சேன்" என்றேன்.