இன்னாசியின் மைல்கள்: மணப்பாட்டிலிருந்து வட கடல் வரை

விமானப் பயணங்களில் சேரும் மைல்களைக் கொண்டு எகானமி இருக்கையை பிசினஸ் கிளாஸுக்கு உயர்த்திக்கொள்வது பற்றி முன்பு எழுதியபோது, கூட்டாளி விமான நிறுவனங்களில் அது எப்படி நடக்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொந்த அனுபவம் இல்லாமல் கருத்துச் சொல்வது என் வக்கீல் தொழிலுக்குப் பொருந்தாது என்பதால் தவிர்த்துவந்தேன். சென்ற ஐப்பசியில் அந்த அனுபவம் வாய்த்தது. விரும்பி மேற்கொண்ட பயணம் அன்று.

என் பள்ளித்தோழன் இன்னாசி, சரக்குக் கப்பலொன்றில் தலைமைச் சமையற்காரன். ஆவணிக் கடைசியில் ஒரு நாள் காலை, வட கடலில் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலின் அடுக்களைக்கு அவன் வரவில்லை. கப்பல் முழுவதும் தேடினார்கள். சில வாரங்கள் கழித்து அந்தக் கடலின் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. மரபணு மாதிரி அனுப்பினால் போதுமென்று அங்குள்ள அதிகாரிகள் எழுதினார்கள். கண்ணால் பார்க்காமல் ஒப்ப முடியாது என்று அவன் மனைவி மெட்டில்டா சொல்லிவிட்டாள். துணைக்கு நான் போவதென்று முடிவாயிற்று. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு அவள் ஒப்புதல் உண்டு.)

கப்பல் முகவர் இருவருக்கும் எகானமி டிக்கெட் எடுத்துத் தந்தார். சென்னையிலிருந்து நேராகப் பத்து மணி நேரம். மெட்டில்டாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை; படுத்தபடிதான் போகலாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என்னிடம் இருந்த மைல்கள் அதற்குப் போதா. இன்னாசியிடம் இருந்தன. கப்பலில் சேரவும் திரும்பவும் இருபது ஆண்டுகளாக உலகம் முழுவதும் பறந்தவன். சேர்ந்த மைல்களைச் செலவழித்ததே இல்லை. ஒருநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அவளைத் தன் கணக்கில் நியமனதாரராகச் சேர்த்து, அவள் பயணத்துக்கு மைல்களை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒப்புதலையும் முன்னரே கொடுத்துவைத்திருந்தான்.

இங்கே ஒரு சட்டக் கேள்வி உண்டு. உறுப்பினர் இறந்துவிட்டால் மைல்கள் காலாவதியாகும் என்பது விமான நிறுவனத்தின் மைல் திட்டத்தின் விதி. காணாமற்போன ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் செய்தி இல்லாதிருந்தால்தான் நம் சட்டம் அவரை இறந்தவராக அனுமானிக்கிறது. எனவே பயணநாள்வரை இன்னாசி, சட்டத்தின் பார்வையில், உயிரோடிருப்பவன். நடந்ததை மறைக்காமல் திட்டத்தாருக்கு எழுதினேன். ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது. அவன் உயிரோடிருக்கிறான் என்ற அனுமானத்தின்மேல் ஏறி, அவன் இறந்தானா என்று பார்க்கப் போகிறோம் என்பதை நான் மெட்டில்டாவிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. “அவுக இருக்கமட்டுந்தான செல்லும்? செல்லட்டும்” என்றாள்.

நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். விமானம் எந்த நிறுவனத்துடையதாயினும், மைல்கள் எவரிடம் இருக்கின்றனவோ அவரிடம்தான் விண்ணப்பிக்கவேண்டும். மிக மலிவான எகானமி டிக்கெட்டுகளைக் கூட்டாளி நிறுவனம் உயர்த்தாது. நாங்கள் மெட்டில்டாவின் டிக்கெட்டுக்குக் கூடுதலாக 21,400 ரூபாய் கட்டி, அதற்குத் தகுதியான கட்டண வகுப்புக்கு மாறினோம். கழிக்கப்படும் மைல்கள் ஒருவழிக்கு 35,000. இரு நிறுவனங்களும் தனித்தனி பிஎன்ஆர் எண் தரும். இரண்டும் கையில் இருக்கவேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் கிடைப்பது காத்திருப்புப் பட்டியலில் ஓர் இடம். இருக்கை உண்டா இல்லையா என்பது புறப்பாட்டு வாயிலில்தான் தெரியும்.

மணப்பாட்டிலிருந்து பிற்பகலில் கிளம்பினோம். காற்று அடித்து மணல் தெருவை மூடியிருந்தது. குன்றின்மேல் கோயிலுக்குக் கீழே, பாறைக்குள் கடல் புகுந்து திரும்பும் ஓசை வீட்டு முற்றம்வரை கேட்டது; ஆள் மூச்சுவிடுவதுபோல அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஓட்டுநர் சேசு பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது படகுத்துறைப் பக்கமிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சேசு திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போதும் திரும்பவில்லை. மூன்றாம் முறைக்கு மட்டும் “என்னல?” என்றார்.

வந்தவர் சேசுவின் மச்சான்; தூத்துக்குடியில் வலை வாங்கிவரச் சொல்ல வந்திருந்தார். “செவி அவிஞ்சு போச்சாலே ஒனக்கு?”

“மூணு தடவ கூப்பிட்டாத்தாம்ல மனுசன். ரெண்டோட நின்னா அது கடல்ல கெடக்கவன். நீ எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மொகரையப் பாத்தா ரெண்டுங்கெட்டானாத்தான் இருக்கு.”

அந்தக் கரையில் இதை விளையாட்டாகவும் சொல்வார்கள், விளையாட்டில்லாமலும் கடைப்பிடிப்பார்கள். கடலில் போனவர் இரண்டு முறை கூப்பிடுவார்; பதில் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார். மூன்றாவது கூப்பாடு அவருக்கு வாய்க்காது. நானும் அங்கே வளர்ந்தவன்தான்.

குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர் வழியாகத் தூத்துக்குடி. அங்கிருந்து திருநெல்வேலி சாலையில் புதுக்கோட்டை தாண்டி விமான நிலையம். ஏறத்தாழ 75 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், வாடகை 2,800 ரூபாய். உப்பளங்களைக் கடக்கும்போது மெட்டில்டா கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். ஏறியபின்னும் யாரோ கூடவே வருவதைப் பார்ப்பவள்போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மாலை விமானத்தில் சென்னை. இரவு விமான நிலையத்துக்கு அருகே தங்கிவிட்டு, காலையில் புறப்பாட்டு வாயிலுக்கு வந்தோம்.

காத்திருப்போர் பெயர்ப் பலகை எதுவும் அங்கே இல்லை. எங்கள் முறை வந்தால் ஒலிபெருக்கியில் அழைப்பதாகச் சொன்னார்கள். கவுன்டருக்கு எதிரே, முப்பதடி தொலைவில் உட்கார்ந்தோம். பெரும்பாலானோர் ஏறிவிட்டார்கள். அப்போது ஒலிபெருக்கி ஒரு பெயரைச் சொன்னது.

இன்னாசி.

கடவுச்சீட்டில் அவன் பெயர் இக்னேஷியஸ். இன்னாசி என்பது ஊர் கூப்பிடும் பெயர். நான் எழ முயன்றேன். மெட்டில்டா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. சிறிது நேரத்தில் மறுபடி அதே பெயர், அதே குரல். நான் பதில் சொல்லவில்லை. அவள் பிடித்திருந்ததனால் என்று சொல்லலாம். அது முழு உண்மையாகாது.

மூன்றாவதற்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

கவுன்டருக்குப் போனபோது அந்த இருக்கையைப் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். பணியிலிருந்த பெண் வருத்தத்தோடுதான் பேசினார். “ரெண்டு தடவை கூப்பிட்டேன் சார். மேடம் வரவே இல்லை.”

யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

“இவங்க பேரைத்தான். மெட்டில்டா. வேற யார் பேரைச் சொல்லுவேன்?”

மைல்களுக்கு உரியவர் பெயர் உங்கள் திரையில் வருமா என்றேன். வராது என்றார். அது யாருடைய மைல் என்பதே கூட்டாளி நிறுவனத்துக்குத் தெரியாதாம். நம்பிக்கை வரட்டுமென்று திரையையே திருப்பிக் காட்டினார். ஒரே பெயர்தான் இருந்தது.

என் செவி பிழை செய்திருக்கலாம். பதற்றத்தில் இருப்பவன் கேட்க நினைத்ததைக் கேட்பான் என்று நானே பலமுறை நீதிமன்றத்தில் வாதிட்டிருக்கிறேன். ஆனால் நான் எதைக் கேட்டேன் என்று மெட்டில்டாவிடம் சொல்வதற்கு முன்பே அவள் பேசினாள்.

“ரெண்டு தடவதான் கூப்பிட்டாக, அண்ணாச்சி. கேட்டீயல்லா?”

அவள் அழவில்லை. இவ்வளவு நாள் அவன் இறந்தது பொய்யாயிருக்கும் என்று சொல்லிவந்தவள், அதன்பின் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. விமானத்தில் கடைசி வரிசையில் என் இருக்கையையும் அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். கால்களை மடக்கிப் படுத்தாள். வலியில் அவள் பல்லைக் கடிப்பது தெரிந்தது. வழியில் பெரும்பகுதியை நான் நின்றபடி கழித்தேன். பிசினஸ் கிளாஸ் திரைச்சீலை காற்றில்லாமல் அசைந்தது என்று எழுத மாட்டேன். அசையவில்லை. ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே எங்களை ஒரு சிறிய அறைக்கு அழைத்துப் போனார்கள். உடலின் இடது முன்கையில் பச்சை குத்திய மாதா உருவத்தைப் பார்த்தாள். போதும் என்று தலையசைத்தாள். “இங்கனயா கெடந்தீய?” என்று மட்டும் கேட்டாள், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல.

அன்று மாலையே திரும்பும் பயணத்துக்கான உயர்வு விண்ணப்பத்தை நீக்கிவிட்டு, திட்டத்தாருக்கு இறப்பைத் தெரிவித்தேன். கணக்கு முடக்கப்பட்டது. மிச்சமிருந்த மைல்கள் அனைத்தும் போயின. தெரிவிக்காமல் இருந்திருந்தால் அவள் படுத்து வந்திருக்கலாம். அவளிடம் கேட்டுத்தான் செய்தேன். செத்தவுக காசுல ஏறவேண்டாம் என்றாள். திரும்பும் வழியிலும் கடைசி வரிசைதான்.

சென்னையில் தூத்துக்குடி விமானத்துக்கு எல்லோரும் ஏறிவிட்டார்கள். சின்ன விமானம், பிசினஸ் கிளாஸ் கிடையாது, எங்களை அழைக்கக் காரணமும் கிடையாது. மெட்டில்டா மட்டும் எழுந்திருக்கவில்லை. ஏனென்று புரிந்தது. நானும் அவசரப்படுத்தவில்லை. ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொன்னது. மீண்டும் சொன்னது. மெட்டில்டா தரையைப் பார்த்தாள். வாயிலில் இருந்த இளைஞர் கதவின் கைப்பிடியில் கைவைத்துவிட்டார். பிறகு எதையோ நினைத்தவராக ஒலிவாங்கியை எடுத்தார். மூன்றாம் முறை கூப்பிட்டார்.

“மனுசன்தான்” என்று மெட்டில்டா எழுந்தாள். “வாங்க அண்ணாச்சி, வீட்டுக்குப் போவோம்.”

இதே வழியில் போகத் திட்டமிடுவோருக்கு என் ஆலோசனைகள் இவை. கட்டண வகுப்பை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே உறுதிசெய்யுங்கள். குடும்பத்தாரை இப்போதே நியமனதாரராகச் சேர்த்துவிடுங்கள். படுத்துச் செல்வது மருத்துவக் கட்டாயம் என்றால் காத்திருப்புப் பட்டியலை நம்பாதீர்கள். கடன்பட்டாயினும் உறுதியான இருக்கையை வாங்குங்கள். எங்கள் விஷயத்தில் நான் அதைச் செய்திருக்கவேண்டும். புறப்பாட்டு வாயிலில் கவுன்டருக்கு மிக அருகே உட்காருங்கள். பெயரை அழைத்தால் முதல் அழைப்புக்கே எழுந்து போய்விடுங்கள். இரண்டாவதற்குமேல் அவர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

இதைப் பிறருக்குத்தான் சொல்கிறேன். போன வாரம் வீட்டுவாசலில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டு முறை. நான் எழுந்து போகவில்லை.