கரண்ட் போன ட்ரெட்மில்

சுங்குவார்சத்திரத்தில் நான் போய்வந்த ஜிம்முக்கு, கம்பெனி யூனிபார்மிலேயே ஒருவர் வருவார். ஒல்லியான உடம்பு, குறைக்க எதுவும் இல்லை. ஆனாலும் ட்ரெட்மில்லில் மெதுவாக நடந்துகொண்டே இருப்பார்.

ஒரு மதியம் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடின. ட்ரெட்மில் இழுக்கும் கரண்டை அது தாங்காது. மற்றவர்கள் கிளம்பினார்கள். அவர் மட்டும் அசையாத பெல்ட்டின் மேலேயே நின்றார்.

“வூட்டுக்குப் போவலியாண்ணே?” என்று கேட்டேன்.

“ஷிப்ட் முடிய இன்னும் நேரம் கீதுப்பா.”

“ஷிப்டா? இங்கதான கீறீங்க?”

“வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க. வூட்ல இன்னும் சொல்லல” என்றார், பஸ் நேரம் சொல்வதுபோல.

கரண்ட் வந்ததும் பொத்தானை அழுத்தி நடக்கத் தொடங்கினார். பக்கத்து மெஷினில் ஏறி, நானும் அவரோடு நடந்தேன்.