கம்பளத்துக்குப் பின்னால்

புக்கரெஸ்ட்டில் எங்கள் கட்டடத்து வாசலில் ஒரு நாள் சிவப்பு வட்டத் தகடு ஏறியது. அடுத்த பெரிய நிலநடுக்கத்தில் இது இடிந்து விழலாம் என்று ஊருக்குச் சொல்லும் தகடு. அதைக் கொண்டுவந்தது மூன்றாம் மாடி ஸ்மரந்தா. பாலம் கட்டும் அலுவலகத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவள். தானே ஆய்வாளரைக் கூட்டிவந்து, தன் வீட்டு விலையைத் தானே பாதியாக்கிக்கொண்ட ஆள் இந்த ஊரில் இவள் ஒருத்திதான் இருப்பாள்.

கீழ்த்தளத்தில் குழந்தைகளின் நடனப் பள்ளி இருந்தது. தகடு உள்ள கட்டடத்தில் கூட்டம் சேர்க்கக் கூடாது. அந்தப் பிள்ளைகள் வேறு இடத்தில் ஆட வேண்டும், அவளுக்கு அது போதும்.

மறுநாள் காலை தகட்டைக் காணோம். பள்ளி வழக்கம்போல நடந்தது. அவள் இன்னொன்று வாங்கி வந்து மாட்டினாள். அதுவும் போயிற்று. கழற்றுவது யார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். இரண்டாம் மாடியில் ஹரலம்பியே என்ற பெயருடைய முன்னாள் டிராம் ஓட்டுநர். வீட்டை விற்றுவிட்டுத் தோட்டம் வைத்த வீடாக வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடிப்படியில் குடியிருப்போர் கூட்டம் கூடியது. நான் நாலாம் மாடி. சூரியகாந்தி விதை கொறித்தபடி வேடிக்கை பார்த்தேன்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா இன்ஜினியரம்மா?" என்றார் ஹரலம்பியே. "எழுபத்தேழு நிலநடுக்கத்துலயே விழாத கட்டடம். இப்ப நீங்க சொன்னதும் விழுந்துருமா?"

ஸ்மரந்தா கம்பியைப் பற்றியோ சிமென்ட்டைப் பற்றியோ பேசவில்லை.

"சமையக்கட்டுக் கதவுக்கு இடப்பக்கச் சுவத்துல என் வீட்ல கம்பளம் மாட்டியிருக்கேன். பின்னாடி விரல் நுழையற விரிசல். உங்க வீட்டுல அங்க என்ன இருக்கு?"

எனக்கு விதை தொண்டையில் சிக்கியது. என் வீட்டிலும் அதே இடத்தில் கம்பளம்தான். ஐந்தாம் மாடி விதவை மெல்ல, "எனக்கு அங்க மாதா படம்" என்றாள். எழுபத்தேழு நிலநடுக்கத்துக்குப் பிறகு எல்லோரும் சுவரைப் பூசினோம். பூச்சு திரும்ப வெடித்ததும் மேலே எதையாவது மாட்டினோம். வீடு பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாதே! அவரவர் வீட்டில் மட்டும்தான் என்று அவரவர் நினைத்திருந்தோம். வெட்கக்கேடு.

மேலிருந்து கீழாக வீடு வீடாகப் போய்த் தூக்கிப் பார்த்தோம். ஒரே விரிசல் மாடி மாடியாக இறங்கியது. ஹரலம்பியே மட்டும் தன் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்.

"என் கல்யாணப் படத்துல எவனும் கை வைக்கக் கூடாது!"

"வைக்கல அண்ணே. கீழ போவோம், வாங்க" என்றாள் ஸ்மரந்தா.

நடனப் பள்ளியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அதே இடத்தில், சுவரோடு சேர்ந்த தூணில் பெரிய கண்ணாடி. அதன் முன்னால்தான் ஹரலம்பியேயின் பேத்தி இலிங்கா நின்று காலைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கினோம். தூணில் காரை பெயர்ந்து, அகலமான பிளவுக்குள் துருப்பிடித்த கம்பி தெரிந்தது. யாரும் தடுப்பதற்குள் இலிங்கா ஓடிவந்து கையை விட்டாள்.

"தாத்தா, இங்க பாருங்க! என் கை முழுசா உள்ள போகுது!"

ஹரலம்பியே அவளை அப்படியே வாரித் தூக்கினார்.

"எல்லாரும் வெளிய! ஓடுங்க, வெளிய!"

பழைய டிராமில் பயணிகளை அதட்டிய அதே குரல். பிள்ளைகள் செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்கள். வகுப்பு அதற்குப் பிறகு அங்கே நடக்கவில்லை.

மறுநாள் காலை நானும் ஸ்மரந்தாவும் ரொட்டி வாங்க இறங்கினோம். வாசலில் ஹரலம்பியே திருப்புளியோடு நின்றிருந்தார். கதவையே பிடித்து நிறுத்துகிற மாதிரி தடித்த திருகாணிகளால், தான் கழற்றி வைத்திருந்த தகட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"வீட்ட விக்கலையா அண்ணே?" என்றேன்.

"யார் தலையில கட்டச் சொல்றீங்க? பேசாம, நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

ஸ்மரந்தா இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க."

அவர் வாய்க்குள் ஏதோ திட்டினார். திட்டிக்கொண்டே தூக்கினார்.