எந்த ர?

அண்ணன் மகள் போன வருஷம் எனக்கு ஒரு போன் வாங்கித் தந்தாள். புத்தகத்தின் பக்கத்தைப் படம் பிடித்தால் அதுவே வாசித்துச் சொல்லும். வாசிக்கத்தான் செய்கிறது. 'காலை' என்று இருப்பதைக் 'கரலை' என்கிறது. பழைய புத்தகமாக இருந்தால் 'மாடு' 'மரடு' ஆகிவிடும். துணைக்காலும் ர-வும் அச்சில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் அதன்மேல் முழுப் பழியையும் போட முடியாது. என் கோபம் வேறு. 'கரலை' என்று சொல்லும்போது அதன் குரலில் துளி சந்தேகம் இல்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லாத ஒன்றை நம்பி நான் எப்படிப் படிப்பது? கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளச் சொல்லி அண்ணன் மகள் சிரிக்கிறாள். அவளுக்கு நான் ஒரு பிடிவாதக்காரக் கிழவி. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டதில்லை.

எனக்குக் கண் போனது எழுபதுகளின் பஞ்ச காலத்தில். இலங்கை மலையில் தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்போது மாவும் இல்லை, அரிசியும் இல்லை. கீரைக்கும் மரவள்ளிக்கும் சண்டை. நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். தட்டம்மை போட்டது. உடம்பில் ஏற்கெனவே ஒன்றும் இல்லை. அம்மை இறங்கும்போது இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அந்த வருஷமே அம்மா செத்தாள், பிறகு அப்பா. மிஞ்சியது கலியாணமான அண்ணனும், கொழுந்து பறிக்கும் அக்காவும், நானும். எழுத்துகளின் உருவம் மட்டும் எனக்குள் அழியாமல் இருந்தது.

நான் பெரியவளான பிறகு தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒரு வழி சொன்னார். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துவிட்டது, படிப்பிக்க ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு வரும் சாதாரண தரப் பரீட்சையில் நான் சித்தியடைந்தால், சிறு பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு எனக்காகத் தானே பேசுவதாகச் சொன்னார். எனக்கு அந்த வேலை எப்படியும் வேண்டியிருந்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பங்குபோட்டுக்கொண்ட காலம் அது. அக்கா புருஷனுக்கு இந்தியா பாஸ்போட் வந்துவிட்டது, அதில் அக்கா பேரும் இருந்தது. அண்ணன் இலங்கைப் பிரஜாவுரிமைக்குத் தனியாக மனுப் போட்டிருந்தான், என் பேர் அவனோடு சேர்ந்துவிட்டது. ஒரே லயத்து வரிசையில், ஒரே காம்பிரா அறையில் பிறந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம். அக்கா கப்பலேறுவதற்குள் நான் சொந்தக் காலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் அண்ணி கையால் சோறு. அண்ணியைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தட்டில் சோறு விழும் சத்தத்தை வைத்தே போடுகிறவர்களின் மனசு எனக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே அக்கா வாசித்தாள், நான் படித்தேன். அவள் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மலையிலிருந்து வந்து, கறை பிடித்த கையைக் கழுவிவிட்டு, வெளிச்சம் இருக்கும்வரை லயத்து வாசலில் உட்கார்ந்து வாசிப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே தொடங்கிவிடுவோம். மாஸ்டர் தந்தவை எத்தனையோ கை மாறிய புத்தகங்கள். மட்டக் காகிதம், தேய்ந்த அச்சு, சில இடங்களில் கரப்பான் வேறு தன் பங்குக்குத் தின்றிருந்தது. அக்கா வாசிக்கும் வேகம் எனக்குப் பெருமையாக இருந்தது. எப்படி இவ்வளவு வேகம் என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு நாள் மாஸ்டர் என்னைச் சோதிப்பதற்காகச் சரித்திரத்தில் கேள்வி கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து பிரெஞ்சுப் பெரட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பசி தாங்காத ஜனங்கள் ராஜாவுக்கு எதிராகப் பெரட்டு நடத்தினார்கள் என்றேன். மாஸ்டர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. பெரட்டு என்றால் எங்கள் தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டக்டர் ஐயா காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். புத்தகத்தில் 'புரட்' என்பதோடு வரி முடிந்திருக்கிறது. அடுத்த வரித் தொடக்கத்தில் இருந்த 'சி'யைக் கரப்பான் தின்றுவிட்டது. அக்கா தனக்குத் தெரிந்த சொல்லை அதில் போட்டு நிரப்பிவிட்டாள். எனக்கும் அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. சண்டை என்று ஒன்று வந்தால் அது பெரட்டில்தானே தொடங்கும்?

அன்று நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு பெரட்டு அகப்பட்டுவிட்டது. அகப்படாமல் எத்தனை என் மண்டைக்குள் கிடக்கின்றன? அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். இருப்பதை மட்டும் வாசி, தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல், நீயாக ஒன்றையும் போடாதே. அவளுக்கு முகம் விழுந்திருக்கும். மறுநாளிலிருந்து அவள் வேகம் பாதியானது. 'தெரியல' என்று அவள் சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் மாஸ்டரிடம் கேட்டு நிரப்பினோம்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. பரீட்சையில் நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். அவர் காதில் விழுவதைத்தான் எழுதுவார், எழுத்துப் பிழைக்கு மார்க்கில் புள்ளியை வெட்டுவார்கள், அதனால் ஒவ்வொரு சொல்லின் எழுத்தும் எனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று மாஸ்டர் எச்சரித்திருந்தார். எங்கள் வாயில் ர-வும் ற-வும் ஒன்று. ழ-வும் ள-வும் ஒன்று. அக்கா வாசிக்க, "எந்த ர?" என்று நான் கேட்க, "பெரிய ற" என்று அவள் சொல்ல, வாக்கியம் என்ன என்பதே இருவருக்கும் மறந்துபோகும். அலுத்துப்போய் ஒரு நாள் அவளே வழி கண்டுபிடித்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். பெரிய ற வந்தால் ஒரு தட்டு. மூன்று சுழி ண என்றால் ஒரு கிள்ளு. ழ வந்தால் விரலால் ஓர் இழுப்பு. வாய் நிற்காமல் போகும், எழுத்து கைவழியே வரும். நானும் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டுவேன், விளங்கியது என்பதற்கு. இப்படியே ஒன்றரை வருஷம் வாசித்தோம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான்.

பரீட்சை மண்டபத்தில் எனக்கு எழுத வந்தது டவுனில் படித்து முடித்த ஒரு பெண். பக்குவமானவள். முதல் நாள் எழுத்துகளை வாயாலேயே சொன்னேன். மேற்பார்வையாளர் வந்து, மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்கிறது, விடையை மட்டும் மெதுவாகச் சொல் என்றார். சரி என்றேன். மறுநாள் தமிழ்ப் பாடம். எழுத்துக்கே புள்ளி போகும் பாடம். வினாத்தாள் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குத் தட்டு, கிள்ளு, இழுப்பு மூன்றையும் சொல்லிக்கொடுத்தேன். உடனே பிடித்துக்கொண்டாள். அவள் இடது மணிக்கட்டில் என் விரல், வலது கையில் பேனை. அக்காவோடு வாசிப்பது போலவே இருந்தது. இரண்டு கேள்விகள் முடிந்திருக்கும். பழக்க தோஷத்தில் பதில் தட்டையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். விளங்கியதும் அவள் என் கையில் திருப்பித் தட்டினாள்.

பின்னால் வந்து நின்ற மேற்பார்வையாளர் பார்த்தது அதைத்தான். எழுத வந்தவள் எழுதுவதை நிறுத்தி, பரீட்சை எழுதுகிறவளின் கையில் தட்டுகிறாள்.

"என்ன சிக்னல் இது?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்று விளக்கினேன். ர, ற என்று தொடங்கினால் யாருக்கு நிற்க நேரம் இருக்கிறது? அவர் கையைத் தடவிப் பிடித்து, இதுதான் சேர் பெரிய ற, என்று தட்டிக் காட்டினேன். அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டாள். அவளுடைய அழுகையும் எங்களுக்கு எதிராகத்தான் போயிற்று. மேசையிலிருந்து தாளை உருவும் சத்தம் கேட்டது. மண்டபம் முழுக்க ஒரு பேனையும் ஓடவில்லை, எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. வெளியே மரத்தடியில் காத்திருந்த அக்காவிடம், தலை சுற்றியது, வந்துவிட்டேன் என்றேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நடந்ததைச் சொன்னேன்.

மாஸ்டர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். நேரில் போயும் சொல்லிப் பார்த்தார். அக்காவுக்குக் கப்பல் நாள் குறித்த தகவல் முதலில் வந்தது. பரீட்சைத் திணைக்களத்தின் கடிதம் அதற்குப் பிறகு வந்தது.

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அக்கா அதைப் பிரித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பரீட்சை முறைகேடு காரணமாக என் பெறுபேறு இரத்துச் செய்யப்பட்டிருக்கிறது, இனி ஐந்து வருஷத்துக்கு நான் பரீட்சைக்குத் தோற்ற முடியாது, எழுதவே முடியாது. அவள் எங்கேயும் தடுமாறவில்லை. முறைகேட்டுக்கு ஒரு தட்டு, பெறுபேற்றுக்கு இரண்டு தட்டு, தோற்ற முடியாது என்பதற்கும் தட்டினாள். நான் பதில் தட்டுத் தட்டவில்லை. இத்தனை நாள் ஒரு சொல்லைக் கூடச் சொந்தமாகப் போடாதே என்று அவளைப் படுத்தியவள் நான். அன்று மட்டும் அவள் பிழையாக வாசித்திருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன்.

"நல்லாப் பாருக்கா. எழுத்து மங்கலா இருக்கா?"

"இல்ல புள்ள. புது அச்சு. எல்லாம் சுத்தமாத் தெரியுது."

அடுத்த மாதம் அக்காவும் அவள் புருஷனும் கப்பலுக்காகத் தலைமன்னாருக்குக் கோச்சி ரயில் ஏறினார்கள். அதுவரை அக்கா வேறு எதையும் எனக்கு வாசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.