விலக்குப் பட்டியலில் ஒரு வரி

ரெக்கார்டு ரூம் அக்காவைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. இருந்தும் எழுதுகிறேன். வேறு யார் எழுதினாலும் 'முப்பத்தோரு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தார், ஓய்வு பெற்றார்' என்று முடித்துவிடுவார்கள். அந்த ஒரு மத்தியானத்தில் நடந்தது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவர் இருந்தது அடித்தளத்தில். ஜன்னல் கிடையாது. கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், அலமாரி கொள்ளாத கோப்புகள். நடுவில் ஒரு மேஜை, ஒரு டேபிள் ஃபேன், அக்கா. கணினியில் தேடிக் கிடைக்காத கோப்பை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். "இடது பக்கம் நாலாவது வரிசை, கீழ்த்தட்டு, நீலக் கயிறு. அவிழ்த்தா திருப்பிக் கட்டணும். இல்லைன்னா நாளைக்கு இங்க கால் வைக்க விடமாட்டேன்." இதைக் கிளை மேலாளரிடமே சொன்னார். அந்த மனுஷனும் கட்டி வைத்துவிட்டுப் போனார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையான அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டது அவர்தான். ஒரே தம்பி, எட்டு மணி நேரப் பயணத்தில் வேறு ஊர். அம்மாவின் சாவுக்குத் தம்பி வந்து சேரவில்லை. "எனக்குத் தம்பியே பொறக்கலைன்னு நெனச்சுக்கறேன்" என்று அக்கா போனில் சொல்லிவிட்டார். சொன்னது ஒரு வரி, பேச்சு நின்றது பதினாலு வருடம்.

என்னை அவர் கூப்பிடுவது 'வாட்ச்மேன்' என்று. அலுவலக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "வாசல்ல நின்னு யார் வரலாம், யார் வரக்கூடாதுன்னு சொல்றவனுக்கு வேற என்ன பேராம்?" என்பார். நானும் சிரித்துக்கொள்வேன்.

அந்த வருடம் எனக்கு ஒரு பெரிய வேலை வந்தது. எங்களிடம் இரண்டு மென்பொருள்கள் இருந்தன. ஒன்று ஊழியர்களின் போன்களை நிர்வகிப்பது. எந்த போன் யாருடையது, பூட்டு இருக்கிறதா, புது அப்டேட் ஏறியிருக்கிறதா, எல்லாம் அதற்கு அத்துப்படி. இன்னொன்று வைஃபையின் வாசலில் நின்று உள்ளே விடுவதும் தடுப்பதும். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. "ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைப்பா" என்றார் என் மேலாளர். ஆறு மாதம் நாயாய் அலைந்து பண்ணி வைத்தேன். இனிமேல் பழைய, சரியில்லாத போன் எது வந்தாலும் தனி அறையில் உட்கார வைத்ததுபோல் ஒதுக்கப்படும். வைஃபை குறி முழுசாகத் தெரியும், ஆனால் ஒரு துரும்புகூட உள்ளே வராது. பிரவுசரைத் திறந்தால்தான் 'அனுமதி இல்லை' என்று ஒரு பக்கம் வரும். அதை எவன் திறந்து பார்க்கிறான்?

அக்காவின் போன் ஓட்டை போன். அதற்கு அப்டேட் வருவதே நின்றுபோயிருந்தது. அடித்தளத்தில் டவர் சிக்னலும் சுத்தமாகக் கிடையாது, செய்தியோ அழைப்போ எது வந்தாலும் வைஃபை வழியாகத்தான். அதனால் அவர் போனை மட்டும் தடுக்காமல் உள்ளே விடும்படி விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு போன்களில் விலக்கு அந்த ஒரே ஒரு வரிதான்.

இணைப்பு முழுசாக நடைமுறைக்கு வந்த அன்று காலையில் அக்கா மாடியேறி என் மேஜைக்கே வந்தார். அவர் மேலே வந்து நான் பார்த்ததில்லை. தலைமுடியைப் படிய வாரி, நல்ல புடவையாகக் கட்டியிருந்தார். போனை நீட்டினார். முந்தின நாள் சாயங்காலம் தம்பியிடமிருந்து வந்த செய்தி: 'நாளைக்கு நாலு மணிக்கு எனக்கு இதய ஆபரேஷன். ரெண்டு மணிக்கு மேல கூப்பிடறேன். நீ எடுத்துப் பேசினா தைரியமா உள்ளே போவேன்.'

"வாட்ச்மேன், இன்னிக்கு என் போன் கீழே வேலை செய்யுமா? என்னமோ மாத்தறீங்களாமே. சந்தேகம்னா சொல்லு, நான் மேல ரிசப்ஷன்ல போய் உக்காந்துக்கறேன். ஆடிட்காரங்க கோப்பு கோப்புன்னு கத்தினா கத்திட்டுப் போகட்டும்."

"ஏன்க்கா, நான் எதுக்கு இருக்கேன்? நிம்மதியாக் கீழே இருங்க."

"பதினாலு வருஷம்டா" என்றார். இறங்கிப் போனார்.

ஒரு மணிக்குத் தலைமையகத்துக்கு அறிக்கை போக வேண்டும். அதில் ஒரு கட்டம்: விலக்குகள், 1. அந்த ஒன்று என் கண்ணை உறுத்தியது. பூஜ்யம் என்று இருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! எந்தக் கிளையும் பூஜ்யம் காட்டியதில்லை. மணி பன்னிரண்டே முக்கால். வரியை எடுத்துவிட்டு, அறிக்கையை அனுப்பிவிட்டு, உடனே திரும்பச் சேர்த்தால் போச்சு என்று எடுத்தேன். அறிக்கை போனது. அடுத்த நிமிடமே மேலாளர் வந்து தோளில் தட்டினார். "தலைமையகம் லைன்ல இருக்கு, உன்கிட்டதான் பேசணுமாம், வா வா." அந்தக் கூட்டம் நாலரை மணி வரை இழுத்தது. பாராட்டு மேல் பாராட்டு. நான் பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் நினைப்பே வரவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்பிப் படிக்கட்டுக்கு வந்தபோது அக்கா கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். முகம் செத்திருந்தது. "கூப்பிடவே இல்லைடா. மனசு மாறிட்டான் போல" என்றார். கடைசிப் படியில் கால் வைத்ததும் போனுக்கு டவர் கிடைத்தது. கையிலேயே அதிர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று நிற்காமல் வந்தன. தவறிய அழைப்புகள் பதினொன்று. கடைசி அழைப்பு மூன்று ஐம்பத்திரண்டுக்கு.

அக்கா திரையை என்னிடம் காட்டி, "சனியன் பிடிச்ச போன்! புதுசு வாங்கு, வாங்குன்னு நீ எத்தனை வாட்டி சொன்னே, கேட்டேனா?" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். திரும்ப மேலே போய் அந்த வரியைச் சேர்த்துவிட்டு வந்தேன், என்னத்துக்கு என்று தெரியாமலே.

தம்பி மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. அக்கா இரவோடு இரவாகப் போனார். தம்பி மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாராம். "பதினோரு தடவை கூப்பிட்டார். போனைக் கையில பிடிச்சுக்கிட்டேதான் உள்ளே போனார். அப்பவும் உங்க வீம்பு விடலை இல்ல?" போன் ஓட்டை என்று அக்கா சொன்னது எடுபடவில்லை. இரண்டு குழந்தைகளும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தனவாம். தெருவில் நின்று தம்பியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அடுத்த மாதம் புது போன் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பதிவு செய்து கொடுத்தேன். பச்சை டிக் விழுந்தது. "இப்ப யார் கூப்பிட்டாலும் வந்துடும் இல்ல?" என்று கேட்டார். வரும் என்றேன். எனக்கு அவர் ஒரு பேனா வாங்கி வந்திருந்தார், உதவி செய்ததற்காக. அதை நான் இன்னும் எழுதப் பயன்படுத்தவில்லை.

இரண்டு வருடம் தினமும் சொல்ல நினைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம். பொய் சொல்வானேன், அதைவிட அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்ற பயம். கடைசியில் அவர் ஓய்வு பெற்ற நாளில், மாலையும் பேச்சும் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அடித்தளத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யத்தைச் சொன்னேன், பாராட்டைச் சொன்னேன்.

அக்கா கத்தவில்லை. மேஜைமேல் கிடந்த நீலக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். "ஆக, போன் மேல தப்பில்லை."

"இல்லைக்கா. என் தப்பு. நான் வரேன், உங்க தம்பி வீட்டுக்கு வந்து அவங்க முன்னாடியே சொல்றேன்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா உன்னைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன். அந்தப் புள்ளைங்க என்னை அத்தைன்னு கூப்பிட்டிருக்கும்." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போய் ஒரு வருஷம் ஆச்சு. எந்த ஊர்னு யாருக்கும் தெரியலை."

அறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறிப் போனார்.