காட்டெருமைக் குலத்துத் தாளம்

கயீரா வாத்தியார் சின்னப் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்த விதமே தனி. ஒன்று, இரண்டு என்று எண்ணவெல்லாம் விடமாட்டார். "உங்கப்பன் குலத்துத் தாளத்த அடிடா!" என்பார். மசாக்காப் பக்கம் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு முரசுத் தாளம் உண்டு. அதை அடித்தால் இன்னார் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். தொட்டிலிலிருந்தே காதில் விழுந்த தாளம், கைக்குத் தானாக வரும். மனிதர் தாளத்தில் புலிதான். மற்றதில் என்ன லட்சணம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பொன்சியானோ முரசின் முன் வந்து நின்றான். சந்தையில் வாழைக்காய் விற்கும் பெர்பெத்துவாவின் மகன். அடித்தான் பாருங்கள், காட்டெருமைக் குலத்துத் தாளம், பிசிறில்லாமல்! அது வாத்தியாரின் சொந்தக் குலம். பெர்பெத்துவாவோ, கல்யாணம் கட்டிக்கொள்கிறேன் என்று ஆசைகாட்டி, வயிற்றில் பிள்ளை என்றதும் அவர் கைகழுவிய பெண்.

"யாருடா உனக்கு இதச் சொல்லிக்கொடுத்தது?"

"அம்மா, சார். இது எங்கப்பாவோட தாளம்னாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக் கட்டிய மனைவி வீட்டில் இருக்கிறாளே!

"தப்பு! இது தாளமே இல்ல. போய் உக்காரு. இனிமே முரசத் தொட்ட, கைய முறிச்சிடுவேன்."

பச்சைப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது? பாவி! அவன் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தான்.

காலம் ஓடியது. கயீராவுக்குப் பிறந்ததெல்லாம் பெண். நோயும் வந்து படுத்தியது. பெற்ற மகன் இல்லாவிட்டால், துக்கம் முடிக்கும் நாளில் தம்பி மகன்தான் மரவுரி உடுத்தி, ஈட்டி வாங்கி, வாரிசாக உட்காருவான். தம்பி குடும்பமென்றாலே வாத்தியாருக்கு ஆகாது. அப்போதுதான் பெற்ற பாசம் பொத்துக்கொண்டு வந்தது. தடியை ஊன்றிக்கொண்டு பொன்சியானோவின் தச்சுப்பட்டறைக்குப் போனார்.

"தம்பி, அன்னிக்கு நீ அடிச்சது சரிதான்டா. நீ என் பிள்ள. குலத்துப் பெரியவங்க முன்னாடி வந்து அந்தத் தாளத்த ஒருதடவ அடி, போதும்."

பொன்சியானோ இழைப்புளியைக் கீழே வைத்தான். முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தான். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. பிறகு பலகைமேல் இரண்டு கையாலும் தட்டினான். வெட்டுக்கிளிக் குலத்துத் தாளம். பெர்பெத்துவா பிறந்த குலம்.

"எனக்கு இது மட்டுந்தான் வரும் சார், மாமா சொல்லிக்கொடுத்தாரு. அந்த இன்னொண்ணு தப்புன்னு நீங்கதான சொன்னீங்க?"