நாலு வாசல் வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். வீடு கட்டும்போது ஆசாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நான் கேட்கவில்லை. அந்த வழியாக நடந்துபோகிறவர்களின் நெற்றியில் அது இடிக்கும். என் நெற்றியிலும் இடித்திருக்கிறது. படுக்கையறைக்கு எதிரெதிராக இரண்டு கதவு. அதில் ஒன்றைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்ப்பது தெரியும். பேருந்தில் ஏறினால் அவசர வழி எங்கே என்று பார்த்த பிறகுதான் உட்காருவேன். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் மேடையைப் பார்க்க, நான் மட்டும் எந்தக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இவுகளுக்கு மாப்பிள்ள யாருன்னு தெரியாது, பூட்டு எங்கன தொங்குதுன்னு மட்டும் தெரியும்" என்பாள் என் மனைவி.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். வீடு ஆமத்தூரில். கம்பெனியில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன ஷெட்டுகளில் உட்கார்ந்துதான் ஆட்கள் வெடிக்கு மருந்து செலுத்துவார்கள். ஒரு ஷெட்டில் நான்கு பேருக்கு மேல் கூடாது. நான்கு பேருக்கும் நான்கு வாசல். எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வேலை நடக்கும்போது எதுவும் சாத்தியிருக்கக் கூடாது. வாசலில் மணல் வாளி, தண்ணீர் வாளி. உள்ளே போகும் முன் செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து உடம்பில் இருக்கும் கரண்டை இறக்கிவிட வேண்டும். இவை எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதை நான் நன்றாகவே செய்கிறேன். சிக்கல் என்னவென்றால், சாயங்காலம் கம்பெனி வேன் என்னை வீட்டில் இறக்கிவிட்ட பிறகும் செய்கிறேன்.

என் மகள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைன் போடும் பிரிவில் இருந்தாள். இந்தச் சித்திரையில் அதை விட்டுவிட்டாள். இனி வீட்டிலிருந்தே பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் போட்டுக் கொடுக்கப் போகிறேன் என்றாள். சேர்த்து வைத்திருந்ததில் ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணி வாங்கி, மேற்குப் பார்த்த அறையில் வைத்தாள். முதல் ஆர்டரும் வந்தது. ஒரு கம்பெனியின் கிஃப்ட் பாக்ஸுக்கு மேல் மூடி. தோகை விரித்த மயில், அதற்கு மேலே தங்கத்தில் வார்த்து நிறுத்தியதுபோல எழுத்து. வெள்ளிக்கிழமை காலையில் படம் அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் போன வருசத்து லேபிளையே ஓட்டிவிடுவோம் என்று கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். இவள் சிரிக்கவில்லை. முதல் ஆர்டரைக் கோட்டைவிட்டவள் என்று பேர் வந்துவிட்டால் இந்த ஊரில் இரண்டாவது ஆர்டர் வராது. விட்டு வந்த அச்சகத்திலேயே போய், விட்டு வந்த நாற்காலியைக் கேட்டு நிற்க வேண்டும்.

படம் வரைந்து முடித்துவிட்டாள். ஆனால் அந்தத் தங்க எழுத்தின் மினுமினுப்பைக் கம்ப்யூட்டர் தானே கணக்குப் போட்டுத் தீட்டி முடிக்கச் சில மணி நேரம் ஆகுமாம். அதற்கு ரெண்டர் என்று பெயர். அது பாதி ஓடும்போதே பெட்டி கொதித்து, தானாக அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"ஏன் தாயி அணைஞ்சு போகுது?" என்று கேட்டேன்.

"சூடு தாங்கலப்பா. கருகிப் போகக் கூடாதுன்னு அதுவே அணைச்சுக்கிடுது."

எனக்கு அந்தக் கம்ப்யூட்டரை உடனே பிடித்துவிட்டது. இவ்வளவு பொறுப்பான ஆள் எங்கள் கம்பெனியில்கூட இல்லை. ஆனால் சூடு என்ற வார்த்தை என் காதில் விழுந்திருக்கக் கூடாது. விழுந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவன் சட்டையைக்கூட மாற்றாமல் ஆய்வுக்குப் போனேன். கண்ட காட்சியில் எனக்குக் குலை நடுங்கியது. மேசைக்குக் கீழே மரத்தடுப்புக்குள் பெட்டியைச் செருகி வைத்திருந்தாள். சுற்றிலும் காற்றுப் போக விரற்கடை இடம் கிடையாது. பெட்டிக்கு ஒரு வாசலும் இல்லை. முன்னாலும் மேலேயும் கொஞ்சம் சல்லடை, பின்னால் ஒரே ஒரு விசிறி, அவ்வளவுதான். இப்படி ஒரு ஷெட்டு கட்டியிருந்தால் லைசென்ஸே கிடைத்திருக்காது.

"ஒதுங்கு தாயி" என்றேன். அவளை ஜன்னல் கம்பியைத் தொடச் சொல்லி, நானும் தொட்டு, கரண்டை இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். அந்த மூன்று நாளில் நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான் என்று பிறகு சொன்னாள். உள்ளே வயர்கள் பஞ்சுமிட்டாய் மாதிரி சுருண்டு கிடந்தன. பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். பிறகு இடப்பக்கத் தகட்டைக் கழற்றினேன். வலப்பக்கத் தகட்டையும் கழற்றினேன். முன்முகத்தைப் பிடுங்கினேன். மேலே இருந்த வலையையும் எடுத்தேன். இப்போது பெட்டிக்கு நான்கு வாசல். எனக்கு மூச்சு வந்தது.

"முன்னாலயும் பின்னாலயும் விசிறி வச்சா போதும்னு வீடியோல சொல்றாகப்பா" என்றாள் மகள். பாவம், மறுநாள் வாங்கி வரச் சொல்லி அளவெல்லாம் எழுதிக் கொடுத்தாள். விருதுநகரில் இரண்டு விசிறி வாங்கியும் வந்தேன். ஆனால் அட்டைப்பெட்டியைப் பிரிக்கவே இல்லை. நாலு வாசலும் திறந்து கிடக்கும்போது விசிறி எதற்கு?

பதிலாக, என் பங்குக்குச் சிலவற்றைச் சேர்த்தேன். மேசை விசிறியைப் பக்கத்தில் நிறுத்தி முழு வேகத்தில் விட்டேன். சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். தரையில் தண்ணீர் தெளித்தேன். கடைசியாக, கம்ப்யூட்டருக்கு இடப்பக்கம் ஒரு மணல் வாளியும் வலப்பக்கம் ஒரு தண்ணீர் வாளியும் வைத்தேன். என் மனைவி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டருக்குக் காதுகுத்தா? மொய் எங்க எழுதணும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை ரெண்டர் பாதியில் அணைந்தது. தகடுகளை மாட்டிப் பார்ப்போம் என்று மகள் கெஞ்சினாள். நான் இடம் கொடுக்கவில்லை. "திறந்திருக்கும்போதே இம்புட்டுச் சூடு, சாத்தினா என்ன ஆகும்னு யோசி" என்றேன். இருபது வருசத்துக்கு மேல் சூட்டோடு பழகியவன் நான். நேற்று வாங்கிய பெட்டி எனக்குப் பாடம் எடுப்பதா என்று ஒரு வீம்பும் இருந்தது. மேசை விசிறியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினேன்.

வியாழக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம். மகள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை விசிறியின் காற்றில் மணல் வாளியிலிருந்து மணல் பறந்து, சிறுகச் சிறுக உள்ளே போய், உள்விசிறியின் இறக்கையில் உட்கார்ந்திருந்தது. ரெண்டர் முக்கால்வாசி ஓடி அணைந்து, அவள் பெட்டியை மறுபடி போட்டிருந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல என்னப்பா சொல்லுவேன் அவுககிட்ட?" என்றாள். என் பிள்ளையின் முதல் ஆர்டரை என் கையாலேயே கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் எழுந்துபோய் சாமி அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்து வந்தாள். எங்கள் வீட்டில் நெருப்பு அடுப்படியையும் சாமி அலமாரியையும் தாண்டி வந்ததே இல்லை. நான் என்னை அறியாமல் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

"அதக் கீழ வைங்கப்பா. பொகைய மட்டும் பாருங்க."

மேசை விசிறியை நிறுத்திவிட்டு, திறந்து கிடந்த பெட்டிக்கு முன்னால் பத்தியைப் பிடித்தாள். புகை உள்ளே போகவில்லை. பக்கத்தில் அலைந்தது, மேலே போனது, என் மூக்குக்கு வந்தது. சூடான பாகத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு முன்முகத்தையும் மேல்வலையையும் மாட்டி, தகடுகளைச் செருகி நிறுத்திவிட்டு, பத்தியை முன்சல்லடையில் காட்டினாள். புகை ஒரு கோடாக உள்ளே நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் இருந்த விசிறி வழியாக வெளியே வந்தது. பின்னால் கை வைத்துப் பார்த்தேன். சூடு கையில் அடித்தது.

"மூடியிருந்தாத்தான் காத்து ஒரே வழியாப் போகும். போற வழியில சூட்ட அள்ளிக்கிட்டுப் போகும். நாலு பக்கமும் தொறந்து போட்டா அது பாட்டுக்கு எங்கிட்டாச்சும் போயிரும்."

"எங்க ஷெட்டுல நாலு வாசல் வச்சுத்தானே காத்து வருது?" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"அப்பா, ஒங்க ஷெட்டுல நாலு வாசல் எதுக்கு?"

"காத்துக்கு."

"காத்துக்கு ரெண்டு ஜன்னல் போதுமே. ஆளுக்கு ஒரு வாசல் எதுக்கு?"

பத்தியின் சாம்பல் விழாமல் நான் கையை ஏந்தினேன். அவளே சொன்னாள்.

"ஓடுறதுக்குப்பா. நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் இடிக்காம ஓடுறதுக்கு. இந்தப் பெட்டிக்குள்ள ஓடுறதுக்கு யாரு இருக்கா?"

போர்மேன் பரீட்சையில் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் எழுதித்தான் நான் தேறினேன். தெரியாதது இல்லை. ஆனால் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தால், முதல் நாள் ஷெட்டைச் சுற்றிக் காட்டும்போது, வாசல் எல்லாம் காத்துக்கும்மா என்றுதான் சொல்வேன். சாப்பாட்டுத் தூக்குவாளியோடு பயந்து போய் நிற்கிறவளிடம், நீ உயிர் பிழைத்து ஓடத்தான் இது என்று எப்படிச் சொல்வது? பயிற்சியில் பிறகு எல்லாம் சொல்லிவிடுவோம். முதல் நாள் மட்டும் காத்து. வருசக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் நம்பினார்களோ இல்லையோ, நான் நம்பிவிட்டேன். குளியலறைக் கதவு, படுக்கையறைக் கதவு, கல்யாண மண்டபம் எல்லாம் காற்றுக்காக இல்லை. எனக்குப் பயம். அத்தனை வருசமும் பயந்துகொண்டேதான் இருந்திருக்கிறேன், அதற்குக் காற்றோட்டம் என்று பெயர் வைத்திருந்தேன்.

மகள் மணலைத் துடைத்து எடுத்தாள். சுருண்டு கிடந்த வயர்களைப் பின்பக்கமாக ஒதுக்கிக் கட்டினாள். நான் வாங்கி வந்து பிரிக்காமல் வைத்திருந்த விசிறிகளை முன்னால் ஒன்று உள்ளே இழுக்கவும், மேலே ஒன்று வெளியே தள்ளவும் மாட்டினாள். மேசைத் தடுப்புக்குள்ளிருந்து பெட்டியை வெளியே எடுத்து மேசை மேலேயே வைத்தாள். பிறகு இரண்டு தகடுகளையும் என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே சாத்துங்க."

உள்ளே ஒரு பொருள் கொதிக்கப் போகிறது என்று தெரிந்தே அதன் கதவை நான் சாத்தியது அதுதான் முதல் தடவை. ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வாளியை எடுத்துவிடச் சொன்னாள். வாசல் வரைக்கும் நகர்த்தினேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

திரையின் மூலையில் சூடு எவ்வளவு என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் தொண்ணூறைத் தாண்டி ஏறும் எண், எழுபதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நிற்கிறதா என்று நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது. ராத்திரி வெகுநேரம் கழித்து நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது மயிலுக்கு மேலே தங்க எழுத்து முழுசாக மின்னிக்கொண்டிருந்தது. மகள் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், பல் தேய்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் படுக்கையறைக் கதவு வழியாக என்னவென்று கேட்டார். எனக்கும் அழுகை வந்தது. கண்ணில் மணல் என்று சொல்லிச் சமாளித்தேன். மணல் வைத்ததில் அப்படி ஒரு பலன்.

வெள்ளிக்கிழமை படம் போய்விட்டது. அடுத்த வாரமே அவளுக்கு இன்னொரு ஆர்டர் வந்தது, புஸ்வாணம் பெட்டிக்கு. இப்போதெல்லாம் நான் அந்த அறைக்குள் அனுமதி கேட்டுத்தான் போகிறேன்.

அந்த வெள்ளிக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை கம்பெனிக்கு வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். வழக்கம்போல ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். செப்புத் தகட்டைக் காட்டினேன், வாளிகளைக் காட்டினேன். வாசலுக்கு வந்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த மூன்று பேரும் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டவர்கள், நிமிரவே இல்லை. 'காத்துக்கும்மா' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இந்த வாசல் எல்லாம் ஓடுறதுக்கும்மா" என்றேன்.

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். புதிதாக வந்தவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது தெரியும் அண்ணாச்சி. நான் உக்காருற எடத்துக்கு எந்த வாசல்? அதச் சொல்லுங்க."

உள்ளே ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணாச்சிக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு போல."

நான் அவளுக்குரிய வாசலைக் காட்டினேன். அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள், சட்டென்று எழுந்து அந்த வாசல் வழியாக வெளியே ஓடினாள், வெயிலில் கொஞ்சம் நின்றாள், திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தாள்.